சிறு விமானங்களில் பழைய தானோட்டியை மாற்றுதல்: ஒரு வரலாறு

தானோட்டி என்பது விமானியின் கை படாமலேயே விமானத்தை மட்டமாகவும் குறித்த திசையிலும் பறக்கவைக்கும் கருவி. ஆங்கிலத்தில் ஆட்டோபைலட் எனப்படுவது இதுவே. பெரிய பயணிகள் விமானங்களில் இது இருப்பது பெரும்பாலோர் அறிந்ததே. நான்கு பேர் அமரக்கூடிய, ஒற்றைப் பிஸ்டன் எஞ்சின் கொண்ட செஸ்னா, பைப்பர், மூனி போன்ற சிறு விமானங்களிலும் 1950கள் முதல் இது பொருத்தப்பட்டு வருகிறது என்பது அவ்வளவாக அறியப்படாதது.

சிறு விமானம் நெடுங்காலம் உழைக்கும். 1960களில் அமெரிக்காவில் கட்டப்பட்டு இன்றும் பறப்பவை ஆயிரக்கணக்கில் உள்ளன. அலுமினிய உடல் அரிக்காமல் பார்த்துக்கொண்டு, எஞ்சினைக் குறித்த மணிக்கணக்கில் பிரித்துப் புதுப்பித்தால் அரை நூற்றாண்டு ஒரு பெரிய வயது அல்ல. உள்ளே இருக்கும் தானோட்டிக்கு அந்த ஆயுள் கிடையாது. அதன் சுழலும் பாகங்கள் தேய்கின்றன, மின்சுற்றுகள் பழுதாகின்றன, சில வேளைகளில் அதைச் செய்த நிறுவனமே மறைந்துவிடுகிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினால் போயிற்று என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும்பாலான உரிமையாளர்களுக்கு அது எட்டாத வேலையாகவே இருந்தது. தடையாக நின்றது பொறியியல் அல்ல, சான்றிதழ். அந்தத் தடை எப்படி உருவானது, 2016க்குப் பின் எப்படித் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

பம்பரத்தில் தொடங்கிய கருவி

வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறது. அதைத் தாங்கும் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பம்பரத்தின் அச்சு தன் நிலையை விடாது. ஜைரோஸ்கோப் என்பது இந்த இயல்பைப் பயன்படுத்தும் கருவி. விமானம் சாய்கிறதா, மூக்கு மேலே எழுகிறதா, கீழே தாழ்கிறதா என்பதை அசையாத அந்த அச்சை வைத்து அளந்துவிடலாம்.

அமெரிக்கப் பொறியாளர் எல்மர் ஸ்பெர்ரி கப்பல்களுக்கான ஜைரோஸ்கோப்புகளைச் செய்துவந்தார். 1910இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். அவருடைய மகன் லாரன்ஸ் ஸ்பெர்ரி அதை விமானத்துக்குக் கொண்டுவந்தார். 1914ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், பாரிசுக்கு அருகில் பெசோன் என்னும் ஊரில், சென் ஆற்றின் மேல் விமானப் பாதுகாப்புப் போட்டி ஒன்று நடந்தது. லாரன்ஸ் தம் கர்ட்டிஸ் பறக்கும் படகில் நடுவர்களைக் கடந்து தாழப் பறந்தபோது இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். அடுத்த சுற்றில் அவருடைய பிரெஞ்சு மெக்கானிக் எமில் கஷான் இறக்கையின் மீது நடந்து சென்றார். ஒரு பக்கம் எடை கூடியும் விமானம் சாயவில்லை. 50,000 பிராங்க் பரிசு ஸ்பெர்ரிக்குக் கிடைத்தது. 1923 டிசம்பரில், 31 வயது நிறையும் முன்பே, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் இறந்தார்.

இக்கருவியைப் பழுதுபார்க்கும் வரலாறும் ஏறத்தாழ அதே அளவு பழையது. 1933 ஜூலையில் வைலி போஸ்ட் என்ற அமெரிக்க விமானி உலகைத் தனியாகப் பறந்து வலம்வந்த முதல் மனிதரானார். எடுத்துக்கொண்ட நேரம் 7 நாள் 18 மணி 49 நிமிடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரே ஹெரால்டு கேட்டி என்னும் வழிகாட்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 8 நாள்களுக்கு மேல் எடுத்துக்கொண்ட பயணம் அது. இம்முறை கேட்டியின் இருக்கையில் ஒருவகையில் ஸ்பெர்ரி நிறுவனத்தின் தானோட்டிதான் அமர்ந்திருந்தது எனலாம். ஆனால் அந்தக் கருவி வழியெங்கும் தொல்லை கொடுத்தது. பெர்லினில் ஒருமுறை, மாஸ்கோவில் ஒருமுறை, இர்கூட்ஸ்கில் ஒருமுறை எனப் போஸ்ட் இறங்கி அதைச் சரிசெய்துகொண்டு பறக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் தொடர அவர் விரும்பவில்லை என்பதே அதன் மதிப்பைச் சொல்லும்.

அன்றும் இன்றும் தானோட்டியின் வேலை மூன்று கூறுகளாக நடக்கிறது. ஓர் உணரி விமானத்தின் நிலையை அறிகிறது. ஒரு கணிப்பி அதை விரும்பிய நிலையோடு ஒப்பிடுகிறது. சர்வோ எனப்படும் சிறு இயக்கி, விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து இறக்கைக்கும் வாலுக்கும் செல்லும் கம்பிவடத்தை இழுத்து நிலையைத் திருத்துகிறது. சாய்வை மட்டும் திருத்துவது ஒற்றை அச்சுத் தானோட்டி. மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத் திருத்துவது இரட்டை அச்சுத் தானோட்டி.

178 விநாடிகள்

சிறு விமானத்துக்கு இந்த வசதி எதற்கு என்ற கேள்வி எழலாம். இரண்டு மணி நேரப் பயணத்தில் தண்டைப் பிடித்திருப்பது பெரிய சுமை அல்லவே. விடை வசதியில் இல்லை, மேகத்தில் இருக்கிறது.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி பெறாத 20 விமானிகளைத் தேர்ந்து, பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தில் ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி பார்வையை மறைத்தனர். பயிற்றுநர் அருகில் இருந்தார். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். 19 பேரின் விமானம் சுருள் பாதையில் கீழ்நோக்கிச் செல்லத் தொடங்கியது. ஒருவருடையது மூக்கு மேலெழுந்து வேகமிழந்தது. மிக விரைவாக இழந்தவர் 20 விநாடி தாங்கினார். மிக நீண்ட நேரம் தாங்கியவர் 480 விநாடி. சராசரி 178 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு மட்டுமல்ல. நம் சமநிலையை உணர்த்தும் உள்காது, மெதுவாகத் தொடங்கும் சாய்வை அறிவதில்லை. விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே நேராகப் பறப்பதாக உடல் சொல்லும். திருத்த முற்படும்போது எதிர்ப்பக்கம் சாய்வதாக உடல் அலறும். விமானி உடலை நம்பினால் சுருள் இறுகும். இந்த ஆய்வு பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கும் நோக்கில் நடந்தது என்பதையும், பயிற்சிக்குப் பின் அதே வகை விமானிகளுள் மிகப்பெரும்பாலோர் பத்திரமாகத் திரும்பி வரக் கற்றுக்கொண்டனர் என்பதையும் பின்னாளில் இதை எடுத்துச் சொல்பவர்கள் விட்டுவிடுகின்றனர். 178 என்ற எண்தான் நினைவில் நின்றது.

இந்தச் சூழலில் இறக்கையை மட்டமாக வைத்திருக்கும் ஒற்றை அச்சுக் கருவிகூட உயிர்காக்கும். சிறு விமானங்கள் இயல்பிலேயே ஏற்ற இறக்கத்தில் ஓரளவு நிலைத்து நிற்பவை. சாய்வு மட்டும் கட்டுக்குள் இருந்தால் சுருள் தொடங்குவதில்லை.

சிறு விமானத்துக்கு வந்த வழி

இரண்டாம் உலகப்போர்க் காலத் தானோட்டிகள் குண்டுவீச்சு விமானங்களுக்கானவை. எடையும் விலையும் சிறு விமானத்துக்கு ஒவ்வாதவை. போருக்குப் பின் வில்லியம் லியர் அவற்றைச் சுருக்கினார். போர் ஜெட் விமானங்களுக்கு அவர் செய்த எஃப்-5 தானோட்டிக்காக 1949ஆம் ஆண்டின் காலியர் கோப்பை அவருக்கு வழங்கப்பட்டது. பின்னாளில் லியர்ஜெட் என்ற சிறு ஜெட் விமானத்தால் பெயர்பெற்றவரும் இவரே. சிறு விமானங்களுக்கான தானோட்டிகளையும் லியர் நிறுவனம் விற்றது.

ஆனால் இத்துறையின் உண்மையான தாயகம் டெக்சஸ் மாநிலத்தின் மினரல் வெல்ஸ் என்ற சிற்றூர் என்றே சொல்ல வேண்டும். டான் மிட்செல் நடத்திய மிட்செல் நிறுவனம் அங்கே இருந்தது. ஜிம் யங்கின் என்ற பொறியாளர் வடிவமைத்த செஞ்சுரி வரிசைத் தானோட்டிகள் அங்கிருந்து வந்தன. பைப்பர் நிறுவனம் இவற்றை ஆட்டோகண்ட்ரோல், ஆல்டிமேட்டிக் எனத் தன் பெயரிலேயே விற்றது. செஞ்சுரி ஃப்ளைட் சிஸ்டம்ஸ், எஸ்-டெக் என்ற இரு நிறுவனங்கள் பின்னர் அதே ஊரில் வளர்ந்தன. யங்கினின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர் மீண்டும் வருகிறார்.

ஓக்லஹாமா மாநிலத்தின் டல்சாவில் இருந்த பிரிட்டன் நிறுவனம் வேறு வழியில் சென்றது. அதன் தானோட்டியின் சர்வோவில் மின்மோட்டாரே கிடையாது. எஞ்சினால் சுழலும் பம்பு உண்டாக்கும் உறிஞ்சுவிசையே ரப்பர் துருத்திகளைச் சுருக்கிக் கம்பிவடத்தை இழுத்தது. மூனி நிறுவனம் 1965 முதல் இதைத் தன் விமானங்களில் ஒரு துணிச்சலான முறையில் பொருத்தியது. இறக்கையை மட்டமாக்கும் கருவி எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். திரும்ப வேண்டுமானால் தண்டில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்து அதை நிறுத்த வேண்டும். விரலை எடுத்தவுடன் அது மீண்டும் வேலைக்கு வந்துவிடும். விமானி மறந்தாலும் கருவி மறக்காது என்பது அதன் தத்துவம். பல விமானிகள் பொத்தானின் மேல் ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றி அந்தத் தத்துவத்தை முடித்துவைத்தனர். இன்று பாராட்டப்படும் தானியங்கிப் பாதுகாப்பு முறைகளின் முன்னோடி அது என்பதில் ஐயமில்லை. காலத்துக்கு முந்தி வந்துவிட்டது.

செஸ்னா நிறுவனம் 1959இல் ஏர்கிராஃப்ட் ரேடியோ என்ற நிறுவனத்தை வாங்கி, நேவ்-ஓ-மேட்டிக் என்னும் தானோட்டிகளைச் சொந்தமாகவே செய்தது. 1980களில் அந்தப் பிரிவை ஸ்பெர்ரிக்கு விற்றது. ஸ்பெர்ரியின் விமானக் கருவிப் பிரிவு 1986இல் ஹனிவெல் கைக்குப் போனது. கான்சஸ் மாநிலத்தில் எட் கிங் தொடங்கிய கிங் ரேடியோ நிறுவனம் கே.எஃப்.சி. 200, கே.எஃப்.சி. 150 என்ற மதிப்புமிக்க இரட்டை அச்சுத் தானோட்டிகளைச் செய்தது. அது 1985இல் பெண்டிக்ஸுடன் சேர்ந்தது. 1999 இணைப்பில் அதுவும் ஹனிவெல்லுக்குள் வந்து சேர்ந்தது. இப்படி நிறுவனங்கள் கைமாறக் கைமாற, பழைய பெட்டிகளுக்கான உதிரிப்பாகங்களும், அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களும் அருகிப்போயினர்.

கருவி மூப்படையும் விதம்

பழைய தானோட்டியில் முதலில் தேய்வது ஜைரோ. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் அதன் தாங்கிகளில் தூசும் ஈரமும் சேர்ந்தால் சுழற்சி தடுமாறும். பெரும்பாலான பழைய விமானங்களில் ஜைரோவைச் சுழற்றுவது மின்சாரமல்ல. எஞ்சினோடு இணைந்த வெற்றிடப் பம்பு இழுக்கும் காற்று. 1960களுக்குப் பின் பரவிய உலர்வகைப் பம்பில் கார்பன் தகடுகள் தாமே தேய்ந்து தமக்கு மசகாகின்றன. எண்ணெய் வேண்டாம் என்பது அதன் சிறப்பு. முன்னறிவிப்பின்றி ஒரு நொடியில் உடைந்துவிடும் என்பது அதன் குறை.

பம்பு நின்றவுடன் ஜைரோ விழுந்துவிடுவதில்லை. சில நிமிடங்களில் மெல்ல மெல்ல வேகமிழந்து சாயும். விமானியின் முன் உள்ள செயற்கைத் தொடுவான் கருவி, அதாவது மேகத்துக்குள் அடிவானம் எங்கே என்று காட்டும் கருவி, அந்தப் பொய்யை அப்படியே காட்டும். கிங் கே.எஃப்.சி. 150, செஞ்சுரி III போன்ற தானோட்டிகள் தம் தகவலை இதே தொடுவான் கருவியிலிருந்துதான் எடுத்தன. ஆகவே பொய் சொல்லும் ஜைரோவைத் தானோட்டியும் நம்பும். விமானம் மட்டமாக இருக்கும்போது சாய்ந்திருப்பதாகக் கொண்டு அதை உண்மையிலேயே சாய்த்துவிடும். கருவியும் தானோட்டியும் ஒன்றையொன்று ஆமோதிப்பதால் விமானிக்குச் சந்தேகம் எழுவதற்கு நேரமாகும்.

தொடுவான் கருவி ஒன்று மட்டும் பழுதாவதன் விளைவுக்கு 2000ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் நிகழ்ந்த விபத்து சான்று. அமெரிக்க செனட் தேர்தலில் போட்டியிட்டுக்கொண்டிருந்த மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான், தம் மகன் ஓட்டிய செஸ்னா 335 விமானம் இரவில் மோசமான வானிலையில் விழுந்து இறந்தார். விமானியின் பக்கத்துத் தொடுவான் கருவி பழுதாகியிருந்ததையும், திசை மயக்கத்தில் விமானி கட்டுப்பாட்டை இழந்ததையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவு செய்தது.

சர்வோக்களுக்கும் மூப்பு உண்டு. அவற்றில் வழுக்கும் கிளட்ச் ஒன்று இருக்கும். தானோட்டி தவறாக இழுத்தால் விமானி தன் கைவலிமையால் அதை மீறித் திருப்ப முடிய வேண்டும் என்பதற்காக அந்த அமைப்பு. கிளட்ச் இளகிவிட்டால் காற்று அலைக்கழிக்கும்போது சர்வோ வழுக்கும். இறுகிவிட்டால் மீற முடியாமல் போகும். கம்பிவடத்தைப் பற்றும் இணைப்பு தளர்ந்தால் விமானம் இடதும் வலதுமாக மெதுவாக ஆடிக்கொண்டே போகும். பிரிட்டன் தானோட்டியின் ரப்பர் துருத்திகள் வெடித்து ஒழுகும். எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது மூக்கின் சமனைத் திருத்தும் மின்மோட்டார் நிற்காமல் ஓடிவிடுவது. அப்படி ஓடினால் தண்டின் விசை வேகமாகக் கூடும். விமானி மின் இணைப்பை உடனே துண்டிக்க வேண்டும்.

இத்தகைய பழுதுகள் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் உயரத்தைப் பிடிக்கும் வசதி போகும். பிறகு திசை நழுவும். இறுதியில் உரிமையாளர் ஒரு சிறு தாளில் 'இயங்காது' என்று எழுதிக் கருவியின் முகத்தில் ஒட்டிவிடுவார். தன்னந்தனியாக மேகத்துக்குள் நுழையும் விமானியின் ஒரே துணை அத்துடன் போய்விடுகிறது.

சான்றிதழ்ச் சிக்கல்

அமெரிக்காவில் 1978இல் 17,811 பொது விமானங்கள் கட்டப்பட்டன, அதுவே உச்சம். 1994இல் அந்த எண்ணிக்கை 928. பொருளாதாரத் தேக்கம், எரிபொருள் விலை ஆகியவற்றோடு, முப்பது ஆண்டுகளுக்கு முன் விற்ற விமானத்துக்கும் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டியிருந்த சட்டநிலை இந்த வீழ்ச்சிக்குப் பெருங்காரணம். செஸ்னா 1986இல் பிஸ்டன் விமான உற்பத்தியையே நிறுத்தியது. 1994 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் தயாரிப்பாளரின் பொறுப்பை 18 ஆண்டுகளாக வரையறுத்த பின்னரே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பறந்தவை எல்லாம் பழைய விமானங்கள். புதிய விமானங்களே வராதபோது அவற்றுக்கான புதிய தானோட்டியில் முதலீடு செய்வாரும் குறைந்தனர்.

இதைவிடக் கடினமானது சட்டத்தின் தர்க்கம். தொழிற்சாலையில் கட்டப்பட்ட ஒவ்வொரு விமான வகைக்கும் எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வகைச் சான்றிதழ் வழங்குகிறது. அதில் இல்லாத ஒரு தானோட்டியைப் பொருத்தினால் அந்த விமான வகைக்கு எனத் தனியாகத் துணை வகைச் சான்றிதழ் பெற வேண்டும். செஸ்னா 172க்கு வாங்கிய சான்றிதழ் செஸ்னா 182க்குச் செல்லாது. பைப்பருக்குச் செல்லவே செல்லாது. ஏனெனில் கம்பிவடத்தின் இழுவை, சர்வோ அமரும் இடம், தவறாக இழுத்தால் விமானம் எவ்வளவு வேகமாகச் சாயும் என்பவை ஒவ்வொன்றிலும் வேறு. இந்த அளவுக்கு விதி நியாயமானதே. ஆனால் கருவியும் அதன் மென்பொருளும் பெரிய விமானங்களுக்கு உரிய தரநெறிகளைப் பின்பற்றி மெய்ப்பிக்கப்பட வேண்டியிருந்தது. 1992இல் வந்த டி.ஓ.-178பி என்ற மென்பொருள் தரநெறிப்படி ஒரு நிரலை எழுதி ஆவணப்படுத்தும் செலவு, நூறு இருக்கை விமானத்துக்குத் தாங்கும்; நான்கு இருக்கைக்குத் தாங்காது.

அந்தக் காலத்தில் இருந்த ஒரே பரவலான மாற்று மினரல் வெல்ஸின் எஸ்-டெக். அது வெற்றிடத்தை நம்பாமல், மின்சாரத்தால் சுழலும் திரும்பல் காட்டியிலிருந்து தகவல் எடுத்தது. பம்பு உடைந்தாலும் தானோட்டி இயங்கும் என்பது பெரிய நன்மை. பல நூறு விமான வகைகளுக்கு அது சான்றிதழ் வாங்கி வைத்திருந்தது. ஆயினும் பழைய விமானம் ஒன்றின் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அதன் விலையும் பொருத்தும் கூலியும் இருந்தன.

வேலியின் மறுபக்கத்தில் நடந்ததுதான் வேடிக்கை. வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுவோருக்கு இந்தச் சான்றிதழ் விதிகள் பொருந்தா. ஆகவே அவர்களுக்குக் கருவி செய்யும் நிறுவனங்கள் தடையின்றி வளர்ந்தன. நாம் முன்பு கண்ட ஜிம் யங்கின், ஆர்கன்சா மாநிலத்தில் ட்ரூட்ராக் நிறுவனத்தின் மூலம் சிறிய, மலிவான டிஜிட்டல் தானோட்டிகளைச் செய்தார். சுழலும் ஜைரோவுக்குப் பதில், கைப்பேசியில் இருப்பது போன்ற நுண்சில்லு உணரிகள் வந்தன. தேய்வதற்கு அவற்றில் எதுவும் இல்லை. விளைவாக, கொட்டகையில் கட்டிய விமானத்தில் 2010 வாக்கில் நவீனத் தானோட்டி இருந்தது. தொழிற்சாலையில் கட்டி அரசு முத்திரை பெற்ற விமானத்தில் 1975ஆம் ஆண்டின் துருத்தியும் பம்பரமும் இருந்தன. இரண்டும் ஒரே விமானத் தளத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் நின்றன. பாதுகாப்புக்காக எழுதிய விதி பாதுகாப்பான கருவியை வெளியே நிறுத்திவைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

2016 முதல் 2018 வரை

மாற்றம் தானோட்டியிலிருந்து தொடங்கவில்லை. தொடுவான் கருவியிலிருந்து தொடங்கியது. சொந்தமாக விமானம் கட்டுவோரின் அமைப்பான எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், கொட்டகை விமானங்களில் நிரூபணமான ஒரு மின்னணுக் கருவியைச் சான்றிதழ் பெற்ற விமானத்திலும் அனுமதிக்குமாறு எஃப்.ஏ.ஏ.வுடன் சேர்ந்து உழைத்தது. 2016 ஏப்ரலில் டைனான் டி-10ஏ என்ற கருவியைச் செஸ்னா 150, 152, 172 வகைகளிலும் பைப்பரின் சில வகைகளிலும் பொருத்த வழி திறந்தது. கருவி அதே கருவிதான். முழுமையான தொழில்நுட்பத் தரச்சான்று அதற்கு இல்லை. பழைய வெற்றிடக் கருவியைவிட அது நம்பகமானது என்ற ஒப்பீடே ஏற்கப்பட்டது. குறையே இல்லாததா என்று கேட்டுவந்த இடத்தில், இப்போது இருப்பதைவிட மேலானதா என்று கேட்கத் தொடங்கினர். வரலாற்றில் திருப்புமுனை எது என்றால் இந்தக் கேள்வி மாறியதையே சுட்ட வேண்டும்.

சில மாதங்களில், 2016 ஜூலையில், கார்மின் நிறுவனம் ஜி5 என்ற சிறு திரையை நூற்றுக்கணக்கான விமான வகைகளுக்கு ஒரே சான்றிதழில் அறிவித்தது. விலை 2,149 டாலர். கார்மினை 1989இல் தொடங்கிய கேரி பரெல், மின் காவ் இருவரும் கிங் ரேடியோவில் பணியாற்றியவர்கள். தங்கள் பழைய நிறுவனத்தின் பெட்டிகளைக் கழற்றும் கருவியை அவர்கள் தொடங்கிய நிறுவனமே செய்தது.

2017இல் கார்மின் ஜி.எஃப்.சி. 500 தானோட்டியை அறிவித்தது. ஜி5 ஏற்கெனவே பொருத்தப்பட்ட விமானத்துக்கு இரட்டை அச்சுத் தானோட்டியின் அறிவிப்பு விலை 6,995 டாலர். பொருத்தும் கூலி தனி. 2018இல் செஸ்னா 172இலிருந்து தொடங்கி ஒவ்வொரு வகையாகச் சான்றிதழ் பெற்றது. அதே 2017இல் ட்ரூட்ராக் விஷன் தானோட்டியும், கொட்டகை விமான உலகிலிருந்து வந்து, செஸ்னா 172க்கு அனுமதி பெற்றது. யங்கின் முதலில் செஞ்சுரி தானோட்டிகளை வடிவமைத்த அதே வகை விமானங்களுக்கு, அரை நூற்றாண்டுக்குப் பின், அவர் நிறுவனத்தின் கருவி மாற்றாக வந்தது. 2019இல் ட்ரூட்ராக்கைப் பெண்டிக்ஸ்கிங் வாங்கியது. எஸ்-டெக்கும் 3100 என்ற டிஜிட்டல் வடிவத்துடன் போட்டியில் இறங்கியது.

சட்டமும் இணையாக நகர்ந்தது. 2013இல் இயற்றப்பட்ட சிறு விமான மறுமலர்ச்சிச் சட்டத்தின் விளைவாக, சிறு விமானங்களுக்கான பகுதி 23 விதிகள் திருத்தி எழுதப்பட்டு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன.

மாற்றும் பணி

பழையதை எடுப்பதே வேலையில் பாதி. இருக்கைகளும் உட்புறத் தகடுகளும் கழற்றப்படும். இறக்கையின் அடியிலும் வாற்பகுதியிலும் உள்ள சிறு மூடிகளைத் திறந்து பழைய சர்வோ, அதன் துணை வடம், தாங்கு சட்டம் ஆகியவற்றை வெளியே எடுப்பர். பலமுறை கைமாறிய விமானங்களில், எங்கும் இணையாமல் தொங்கும் பழைய மின்கம்பிகள் கற்றை கற்றையாக வெளிவருவது மெக்கானிக்குகளுக்குப் பழகிய காட்சி. புதிய சர்வோ அந்த விமான வகைக்கென வரைந்த சட்டத்தில் மட்டுமே அமர வேண்டும். கம்பிவடத்தின் இறுக்கத்தை மானியால் அளந்து சரிசெய்வர். தானோட்டியை இயக்கிவிட்டுத் தண்டைக் கையால் மீறித் திருப்ப முடிகிறதா, துண்டிக்கும் பொத்தான் உடனே வேலை செய்கிறதா என்று தரையிலேயே சோதிப்பர். எடையும் எடைமையமும் மறுபடி கணக்கிடப்படும். தகுதிபெற்ற ஆய்வாளர் கையொப்பமிட்ட மாற்றப் படிவம் எஃப்.ஏ.ஏ.வுக்குச் செல்லும். விமானக் கையேட்டில் ஒரு துணைப்பகுதி சேரும். கடைசியில் பறந்து பார்ப்பர்.

புதிய தானோட்டிகள் பழையவற்றின் வேலையை மட்டும் செய்வதில்லை. நீலப் பொத்தான் ஒன்றை அழுத்தினால் விமானம் எந்த நிலையில் இருந்தாலும் மட்டத்துக்குத் திரும்ப முயலும். ஜி.எஃப்.சி. 500இல் தானோட்டி அணைந்திருக்கும்போதும், விமானி அளவுக்கு மீறிச் சாய்த்தால் சர்வோ தண்டை மெல்ல எதிர்த்துத் தள்ளும். மூனி 1965இல் செய்ததன் நாகரிகமான வடிவம் இது. தொடுவான் கருவியும் மின்னணுவாகிவிட்டால் வெற்றிடப் பம்பையே கழற்றிவிட்டு அந்தத் துளையை மூடிவிடும் உரிமையாளர்களும் உண்டு.

கருவி இருப்பது வேறு, அதை உரிய கணத்தில் பயன்படுத்துவது வேறு. 1999 ஜூலை 16ஆம் நாள் இரவு ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிய பைப்பர் சரடோகா அட்லாண்டிக் கடலில் விழுந்தது. இரவில், மங்கிய அடிவானத்தில், திசை மயக்கத்தால் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது வாரியத்தின் முடிவு. அந்த விமானத்தில் கே.எஃப்.சி. 150 தானோட்டி இருந்தது. இதனால்தான் புதிய தானோட்டி பொருத்திய விமானிகளை அதன் பொத்தான்களையும், அது தானாகத் துண்டிக்கும் நிலைகளையும் ஒரு பயிற்றுநருடன் சில மணி நேரம் பழகுமாறு கூறுகின்றனர்.

மூப்பு இத்துடன் நிற்கவும் இல்லை. செஸ்னா மீண்டும் உற்பத்தி தொடங்கிய பின் தன் புதிய 172களில் பொருத்திய கே.ஏ.பி. 140 தானோட்டி அன்று நவீனமானது. இன்று அவற்றையும் கழற்றிக்கொண்டிருக்கின்றனர். கழற்றிய பெட்டிகளுள் நல்ல நிலையில் உள்ளவை, இன்னும் மாற்றாத விமானங்களுக்கு உதிரிப்பாகங்களாக விற்பனையாகின்றன. ஜி.எஃப்.சி. 500 தன் சாய்வுத் தகவலைக் கார்மினின் சொந்தத் திரைகளிலிருந்து மட்டுமே பெறுகிறது. வேறு நிறுவனத்தின் திரையோடு அது பேசாது. எனவே இன்று தானோட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாளர், அடுத்த முறை திரை பழுதானால் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதையும் அதே கையொப்பத்தில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.